படத்தில் வராத பாட்டு

ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்றைக்கும் எனக்குக் காலையிலேயே வயிறு சரியில்லாமல் போய்விடுகிறது. வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இனிமேல் எந்தக் கேமராவுக்கு முன்னாலும் நான் உட்காரப் போவதில்லை. அது எனக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் சினிமாக்காரர்களைப் பேட்டி எடுத்து யூடியூபில் போடுகிறாள். போன மாதம் என்னிடம் கேட்டாள்: "யாராவது பேசக் கூடாததைப் பேசிட்டா என்ன ஆன்ட்டி பண்ணுவீங்க? எடிட்ல தூக்கிடுவீங்களா?" எங்களுக்கு எடிட்டே கிடையாது என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். வீட்டுக்குள் வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். அந்தக் கம்பெனி மூடியபோது எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. மேனாம்பேட்டில் பரம்பரையாகப் பயிர் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் தணிகாசலம். அவருடைய தம்பி எங்கள் கம்பெனியில் இருந்ததால் அடிக்கடி போன் செய்வார். அம்பத்தூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு, மாடியில் டிஷ் வைத்துக் கேபிள் டிவி நடத்த ஆரம்பித்திருந்தார். "போன்ல உன் கொரலைக் கேட்டா கோவம் எறங்கிடும்மா. நம்ம சேனல்ல வந்து பேசேன்" என்றார். முதலில் அறிவிப்புகள் படித்தேன். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எங்கே மின்தடை, யாருடைய மாடு காணாமல் போனது. கொஞ்ச காலம் கழித்து ஞாயிறு மதியம் 'உங்களோடு ஒருவர்' என்று ஒரு பேட்டி நிகழ்ச்சியை என் தலையில் கட்டினார்.

அது லைவ். பதிவு செய்து வெட்டி ஒட்ட எங்களிடம் கருவிகள் இல்லை. ஒரு வி.சி.ஆர். இருந்தது. லைவ் போகும்போதே அதில் பதிவாகும், அதைத் திங்கள் மதியம் மறுபடி ஓட்டுவோம். அவ்வளவுதான்.

கோடம்பாக்கத்தில் வீடு அமையாத சினிமாக்காரர்கள் நிறையப் பேர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம்தான் குடியிருந்தார்கள். டைட்டிலில் கண்ணிமைக்கும் நேரத்தில் பெயர் ஓடி மறைகிறவர்கள். பத்திரிகைகள் அவர்களைத் தேடிப் போனதில்லை, நாங்கள் கூப்பிட்டால் வந்தார்கள். கதாநாயகர்களுக்காக மாடியிலிருந்து குதிக்கும் பூந்தமல்லி சண்டைக் கலைஞர் ஒருவர் வந்தார். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார அவரால் முடியவில்லை, நாற்காலியையே திருப்பிப் போட வேண்டியிருந்தது. பெரிய நகைச்சுவை நடிகர்களுக்குக் காமெடி டிராக் எழுதும் கள்ளிக்குப்பத்துக்காரர் ஒருவர் வந்தார். எந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன். "கன்னத்துல வுழற மொத அறைக்கு யாரும் சிரிக்க மாட்டாங்கம்மா. ரெண்டாவது அறை வருமோன்னு பயப்படுவாங்க. அது வராமப் போவும் பாருங்க, அங்கதான் சிரிப்பு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

ஸ்டூடியோ என்பது தணிகாசலம் வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஓர் அறை. எதிரொலி வராமலிருக்க நாலு சுவரிலும் ஜமுக்காளம் தொங்கவிட்டிருந்தோம். மைக்கில் விழுமென்பதால் ஃபேன் போடக் கூடாது. கேமரா ஒன்று. அதை இயக்குவது, வயர் மாற்றுவது, போன் ரிசீவரோடு மைக்கைக் கட்டி நேயர்கள் குரலை உள்ளே கொண்டுவருவது எல்லாம் பாபு ஒருவர்தான். எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு சைகை உண்டு. என் இடது கை வளையலை நான் தொட்டால், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுதிய அட்டையைக் கேமராவுக்கு முன்னால் வைத்து ஒலியை நிறுத்திவிட வேண்டும்.

விருந்தினர் வந்ததும் டீ கொடுத்து, நான் முதலில் கேட்பது, "உங்ககிட்ட எதைக் கேக்கக் கூடாது?" என்றுதான். எல்லோருமே, "எதை வேணா கேளுங்க" என்பார்கள். இரண்டாவது டீக்கு மெதுவாக ஒன்றைச் சொல்வார்கள். அன்றைய வழியில் பள்ளம் எங்கே என்று அப்போது தெரிந்துவிடும். மீதி நேரம் முழுக்க அதில் விழாமல் சுற்றிக்கொண்டு போவதுதான் என் வேலை.

தணிகாசலம் ஒரு நாளும் பேட்டி நடக்கும் அறைக்குள் இருந்ததில்லை. நிகழ்ச்சி ஆரம்பித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாரத்துக்கு ஒரு வீடு. கேபிள் சரியாக வருகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லி வாசற்படியில் நின்றுகொண்டு, டிவியைப் பார்க்காமல், டிவி பார்க்கிறவர்களைப் பார்ப்பார். திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போதே பேச ஆரம்பித்துவிடுவார்.

"புதூர்ல ஒரு ஊட்டாண்ட நின்னுகினு இருந்தேன். உன் ரெண்டாவது கேள்விக்கு அந்தம்மா அடுப்பாண்ட போய்ட்ச்சு. அந்த மாதிரி கேள்வி வாணாம் வசந்தாம்மா."

திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். யார் எப்போது எழுந்து போனார்கள் என்பது மட்டும்தான். அந்தப் படிச் சத்தத்துக்கு நான் பயந்த மாதிரி வேறெதற்கும் பயந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டினா வந்தாள். நெமிலிச்சேரியில் குடியிருந்தாள். சர்ச் கொயரில் பாடுகிறவள். ஒரு பெரிய இசையமைப்பாளரிடம் டிராக் பாடிக்கொண்டிருந்தாள். மின்சார ரயிலில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்வை. எதைக் கேட்கக் கூடாது என்றேன். அவள் இரண்டாவது டீ வரை காத்திருக்கவில்லை.

"யாருக்கு டிராக் பாடினேன், எந்தப் படம்னு மட்டும் கேக்காதீங்கக்கா. மத்ததெல்லாம் பரவால்ல."

பெயர்தான் பள்ளம் என்று மனதில் போட்டுக்கொண்டேன்.

லைவ் ஆரம்பித்தது. டிராக் பாடுவது என்றால் என்ன என்று நேயர்களுக்குச் சொல்லச் சொன்னேன்.

"மெட்டு ரெடியானதும் பெரிய பாடகிங்க உடனே வர முடியாது. வெளியூர்ல இருப்பாங்க. அதுக்காக வேலை நிக்கக் கூடாது இல்ல? அதனால நான் பாடி வெப்பேன். அப்புறம் அவங்க வந்து, என் பாட்டைக் காதுல கேட்டுகினே பாடுவாங்க. அது நல்லா வந்ததும் என் குரலை அழிச்சிடுவாங்க."

"வருத்தமா இருக்காதா?"

"வருத்தம்னு இல்லக்கா. நான் மூச்சு எடுக்கற எடத்துலதான் பெரும்பாலும் அவங்களும் எடுப்பாங்க. தியேட்டர்ல அந்த எடம் வரும்போது எனக்குத் தெரியும். பக்கத்துல எங்க வூட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது."

போன் வந்தது. ஒரு பெண் ஏதாவது பாடச் சொன்னார். கிறிஸ்டினா ஒரு சர்ச் பாட்டைப் பாடினாள். நன்றாக இருந்தது. அடுத்த அழைப்பில் ஓர் ஆண் குரல். "மேடம், அது கோயில் பாட்டு. உங்க பாட்டு ஒண்ணு பாடுங்களேன்" என்றார்.

அவர் ஒன்றும் தவறாகக் கேட்கவில்லை. கிறிஸ்டினா பதில் சொல்லாமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லைவில் மௌனம் என்பது தீ மாதிரி. நான் வேறு கேள்விக்குப் போக வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"என்னோடதுன்னு ஒண்ணு இருக்கு. போன வாரம்தான் பாடினேன். அவங்க இன்னும் வந்து பாடல. அதனால இப்போதைக்கு அது என்னோடது."

என் கை தானாக வளையலுக்குப் போனது. அட்டை வரவில்லை. அவள் பாட ஆரம்பித்துவிட்டாள். மறுபடி வளையலைத் தொட்டேன், மணிக்கட்டு வலிக்கும்படி அழுத்திப் பிடித்தேன். பாபு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பல்லவி மட்டும்தான் பாடினாள். தாழ்வாகத் தொடங்கி, போகப் போக மேலே ஏறி, இறங்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இறங்காமல் நின்றது. பயத்தில் எனக்குக் காது அடைத்துப் போயிருந்தும் அந்த இடம் கேட்டது.

நிகழ்ச்சி முடிந்து கேமரா நின்றதும் கிறிஸ்டினாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அக்கா, அது வெளிய வரக் கூடாத பாட்டு. இன்னும் கேசட்டே வரல. நான் ஏன் பாடினேன்னு எனக்கே தெரியல."

பாபு அட்டையைக் கீழே வைத்தார். "கையிலதான் இருந்துச்சுக்கா. வெக்க மனசு வரல" என்றார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. தணிகாசலம் உள்ளே வந்து, ஜமுக்காளச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"யாரும் எழுந்திருக்கல வசந்தாம்மா. ஒருத்தரும் எழுந்திருக்கல. அதான் பேஜாரா கீது."

அன்றைக்கு அவர் நின்றது வீட்டு வாசலில் அல்ல. அம்பத்தூர் ஓ.டி. பகுதியில் சேகர் என்பவருடைய பாட்டுக் கடையில். வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தரும் கடை. கிறிஸ்டினா பாடத் தொடங்கியதும் சேகர் டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டரை டிவிப் பக்கம் நகர்த்தி, பதிவு பட்டனை அழுத்தியதைத் தணிகாசலம் பார்த்துவிட்டார். படத்தின் கேசட் கடைக்கு வரும் முன்னால் பாட்டு தெருவுக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேசட் கம்பெனி, தயாரிப்பாளர், போலீஸ். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற சேனல்களுக்கு எது அனுமதி, எது குற்றம் என்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது.

திங்கட்கிழமை மறுஒளிபரப்பை நிறுத்தினோம். ஏன் போடவில்லை என்று போன் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பாட்டு எந்தப் படம் என்று பாதிப் பேர் கேட்டார்கள். கருவியில் கோளாறு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சாயங்காலம் கிறிஸ்டினாவும் நானும் சேகர் கடைக்குப் போனோம்.

"காத்தால இருந்து ஆளுங்க கேட்டுகினே கீறாங்கக்கா. பதிஞ்சு குடு, பதிஞ்சு குடுன்னு" என்றார் சேகர்.

"கொடுத்தீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல. சவுண்டு சுமாராக் கீது. நைட்டு சரி பண்ணலாம்னு இருந்தேன்."

"அண்ணே, அதை யாருக்கும் குடுக்காதீங்க" என்றாள் கிறிஸ்டினா.

குரலைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானா அது?" பிறகு அந்தக் கேசட்டை எடுத்து நீட்டினார். "ஒண்ணுதான் கீது. நீங்களே எடுத்துனு போங்க."

"வேணாம். ஊட்ல இருந்தா எடுத்து எடுத்துப் போட்டுக் கேப்பேன். இங்கயே அழிச்சிடுங்க."

சேகர் தயங்கினார். அப்புறம் கேசட்டை உள்ளே போட்டு, எதையும் ஓட்டாமல் பதிவு பட்டனை மட்டும் அழுத்தினார். சத்தமில்லாமல் டேப் சுற்றியது. பாட்டு இருந்த தூரம் முழுக்க ஓடி முடியும் வரை கிறிஸ்டினா கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு அந்தச் சக்கரங்களையே பார்த்தபடி நின்றாள். ரோட்டுக்கு வந்ததும், "நான் இருக்கும்போது என் குரலை இதுவரைக்கும் யாரும் அழிச்சதில்லக்கா" என்றாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்து சேனலுக்குப் போன் வந்தது. இசையமைப்பாளரின் மேனேஜர் மூர்த்தி. அவருடைய மைத்துனி குடும்பம் அம்பத்தூரில் எங்கள் கேபிளில்தான் டிவி பார்க்கிறது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"ஞாயித்துக்கிழமை உங்க சேனல்ல பாடின பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாங்க. பதிவு பண்ணின டேப் இருந்தா அதையும் கொண்டு வாங்க" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

தணிகாசலம் உடனே சொன்னார்: "டேப்பே இல்ல, லைவ்வோட போய்ட்ச்சுன்னு சொல்லிடலாம். டேப்பு இல்லன்னா இன்னா பண்ண முடியும்?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கிறிஸ்டினா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரு எனக்கு வேலை குடுத்தவரு அண்ணே. அவர்கிட்ட பொய் சொல்லிட்டு நான் கொயர்ல போய் நிக்க முடியாது."

தணிகாசலம் அலமாரியிலிருந்து அந்த வீடியோ கேசட்டை எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் தந்தார். "போலீஸு கீலீஸுன்னு எதுனா பேசினாங்கன்னா என் பேரைச் சொல்லு. சேனலு என்னுது. நீ சம்பளத்துக்குப் பேசறவ, அவ்ளோதான்."

வடபழனிக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பையை நான் மடியில் வைத்திருந்தேன். கிறிஸ்டினா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். ஜெபம் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பாட்டைத்தான் முணுமுணுக்கிறாளோ, பஸ்ஸில் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று பயந்தபடியே போனேன். பயம் ஆளை அப்படி ஆக்கிவிடுகிறது.

ரெக்கார்டிங் தியேட்டரில் வெகுநேரம் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு சின்ன அறை. இசையமைப்பாளர் ஆர்மோனியத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வணங்கினோம், அவரும் கைகூப்பினார். மூர்த்தி டேப்பைப் போட்டார்.

பாட்டு வரும் இடத்துக்கு ஓட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர், "மொதல்ல இருந்தே போடு" என்றார். நான் வணக்கம் சொன்னதிலிருந்து, அவள் டிராக்கைப் பற்றிச் சொன்னது, மூச்சு எடுக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னது, சர்ச் பாட்டு, எல்லாவற்றையும் பார்த்தார். பல்லவி வந்தபோது அவருடைய விரல் முழங்காலில் தாளம் போட்டது. பாதியில் நின்றுவிட்டது. டேப் முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மெட்டை எடுத்துடலாம் மூர்த்தி. வேற போடறேன்."

கிறிஸ்டினா எழுந்துவிட்டாள். "சார், அது ரொம்ப நல்ல மெட்டு சார். என்னால அது போக வேணாம் சார். என்னை என்ன வேணா பண்ணுங்க."

"நல்ல மெட்டுதாம்மா. ஆனா வெளிய யாரும் கேக்காத பாட்டுன்னு சொல்லித்தான் தயாரிப்பாளருக்குக் கொடுத்தேன். இனிமே நான் அப்படிச் சொல்ல முடியாது." ஆர்மோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலை நிமிராமலே, "நீ பாடினது சரியாத்தான் இருந்தது" என்றார்.

வாசல்வரை வந்த மூர்த்தி மீதியைச் சொன்னார். இனி அவளைக் கூப்பிட மாட்டார்கள். வேறு யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் கெட்டதாக எதுவும் சொல்ல மாட்டார்கள். டேப் அவர்களிடமே இருக்கும். தயாரிப்பாளர் தரப்பு என்ன செய்யும் என்று அவரால் சொல்ல முடியாது.

அந்தக் கடைசி வாக்கியத்தோடு நாங்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தோம். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் பாபு வயரைப் பிடுங்கத் தயாராக நிற்பார். தணிகாசலம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சொன்னால் எனக்குத் தைரியம் என்று நினைத்து, "ஒண்ணும் வராதும்மா" என்று தினமும் சொல்வார். அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயம் கூடும். கடைசியில் யாரும் வரவில்லை.

படம் வெளியானபோது கிறிஸ்டினாவும் நானும் அம்பத்தூரில் ஒரு தியேட்டரில் மதியக் காட்சி பார்த்தோம். அந்தப் பாட்டு வரவேண்டிய கட்டத்தில் வேறு பாட்டு வந்தது. கிறிஸ்டினா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வேற யாரோ டிராக் பாடியிருக்காங்க. மூச்சு வேற மாதிரி விழுது" என்றாள்.

அவளுக்கு அப்புறம் வேறு இடங்களில் கோரஸ் பாடும் வேலை கிடைத்தது. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பும் எடுத்தாள். பட்டினி கிடக்கவில்லை. டிராக் பாட மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மூர்த்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா இல்லையா என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

ஆனால் நேயர்கள் விடவில்லை. யாரை நான் பேட்டி எடுத்தாலும் நடுவில் ஒரு போன் வரும். அந்தம்மா பாடிச்சே, அது எந்தப் படம்? விசாரித்துச் சொல்கிறேன், அடுத்த அழைப்புக்குப் போவோம் என்று மழுப்புவேன். ஒரு ஞாயிறு, செட் போடும் கலைஞர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது மேனாம்பேட்டிலிருந்து ஒரு பெண் கேட்டார். வயதான குரல் அல்ல, இளம் குரலும் அல்ல. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு என்னவோ அன்றைக்கு மழுப்பத் தெம்பில்லை. லைவ் என்பது தெரிந்தே சொன்னேன்.

"அது எந்தப் படத்துலயும் இல்லம்மா. எடுத்துட்டாங்க."

"அப்போ வேற யாரும் அதப் பாடலையா?"

"இல்லம்மா. அவங்க அன்னிக்குப் பாடினதோட சரி."

தையல் மெஷின் நின்றது.

"அப்ப அது அந்தம்மா பாட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எங்கள் கேபிள் அவள் இருந்த பக்கம் போகாது என்பதால் கிறிஸ்டினா அதைக் கேட்டிருக்க முடியாது. மறுநாள் ரயிலேறி நெமிலிச்சேரிக்குப் போனேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"அவங்க எப்படிச் சொன்னாங்களோ, அதே மாதிரி சொல்லுங்கக்கா" என்றாள்.

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்ல எனக்கு வரும். அந்தப் பெண் சொன்ன மாதிரியே, அதே நிதானத்தில், அவள் விட்ட இடத்தில் நானும் விட்டுச் சொன்னேன். கிறிஸ்டினா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "இன்னொரு வாட்டி" என்றாள்.